எல்லாத் தாளிலும் ஒரே பதில்

ஆய்வுக்கான கேள்வித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் முறையாக வெளியே கிளம்பப் போகிறீர்கள், உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆய்வு முறை என்று நீங்கள் தடிமனான புத்தகத்தில் படிப்பதை, படித்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது காதில் விழுந்த அளவுக்குத்தான் நான் அறிவேன். கருதுகோள் என்றால் என்ன, மாதிரி எத்தனை பேர் வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் ஆசிரியர்கள் சொல்வார்கள். அதில் நான் வாயைத் திறந்தால் தப்பாகத்தான் சொல்வேன்.

நான் சொல்லப்போவது ஒரு குழப்பம். இத்தனை வருஷமாகியும் எனக்குத் தெளியாத குழப்பம். என்னால் முடிந்தவரை இதில் என்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளாமல் சொல்கிறேன். நீங்கள் படித்தவர்கள், உங்களுக்கு ஒருவேளை தெளியலாம்.

நான் இந்த வேலைக்கு வந்ததே தற்செயல். கள்ளக்குறிச்சியில் சைக்கிளில் வீடு வீடாகப் பத்திரிகை போட்டுக்கொண்டிருந்தேன். சோப்பு கம்பெனிக்காகக் கணக்கெடுக்க வந்த ஒருவர் சந்து பொந்து தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டு என்னைக் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு வணிகம், மேலாண்மை என்று மேல்படிப்புப் படிக்கிற பிள்ளைகள் யார் எங்கள் பக்கம் ஆய்வுக்கு வந்தாலும் என்னைத் தேடினார்கள். கேள்வியை வாசித்து, பதிலை எழுதி, தாளைத் திருப்பிக் கொடுப்பது என் வேலை. கொடுத்த பிறகும் நிம்மதி இருக்காது. ஒரு கேள்வியை விட்டுவிட்டேனோ, ஒரு வீட்டை இரண்டு தடவை எழுதிவிட்டேனோ என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போன நாட்கள் உண்டு.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் மறியல் நடந்த வருஷங்கள் அவை. சாலையோர மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருப்பார்கள். இன்றைக்கு பஸ் ஓடும், நாளைக்கு ஓடாது. அந்தச் சமயத்தில்தான் நஸீமாவுக்காகக் கல்வராயன் மலைக்குப் போனேன்.

நஸீமாவின் அத்தா, அதாவது அப்பா, கள்ளக்குறிச்சியில் மலைச்சரக்கு வியாபாரி. புளி, கடுக்காய், தேன் எல்லாம் மலையிலிருந்து அவர் கடைக்கு வரும். உப்பு, மண்ணெண்ணெய், துணி எல்லாம் அவர் கடையிலிருந்து மலைக்குப் போகும். ஊரில் அவரை பாய் என்றுதான் சொல்வோம். நஸீமா எம்.ஃபில். படித்துக்கொண்டே ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தது. கோடை விடுமுறைக்குள் ஆய்வேட்டுக்கு வழிகாட்டிப் பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஜூன் மாதம் அந்த இடம் நிரந்தரம். போடவில்லையென்றால் வேறு யாருக்காவது போய்விடும். அந்த வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் பெண் அது. இது எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும், அதனால் ஆரம்பத்திலிருந்தே பயந்துகொண்டிருந்தேன்.

அது எடுத்துக்கொண்ட விஷயம், மலைக் குடும்பங்கள் சமவெளிக் கடைகளை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன, விற்பதிலும் வாங்குவதிலும் அவர்களுக்குத் திருப்தியா என்பது. பேராசிரியருக்கு இதில் சந்தோஷம். உள்ளூர்ப் பெண், வியாபாரி வீட்டுப் பெண், சுலபமாக முடித்துவிடும் என்று சொன்னாராம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மலையில் நாங்கள் போன ஊர் சின்ன ஊர். பெயர் சொல்ல மாட்டேன், ஏன் என்பது போகப்போகத் தெரியும். ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரிடம் முதலில் சொல்லி, அவர் தலையை ஆட்டிய பிறகு வீடு வீடாகப் போனோம். நஸீமாவும் கூட வந்தது. நல்ல மரியாதை. மதியம் சாமைச்சோறு போட்டார்கள்.

"புளிய எங்க போடுறீங்க?"

"பாய் கடையிலதாங்க."

"வெல எப்பிடி இருக்குது?"

"பரவால்லீங்க."

"வேற கடைக்குப் போய் பாத்ததுண்டா?"

"இன்னாத்துக்குங்க போவணும்?"

"கொறை எதனா?"

"கொறை ஒண்ணும் இல்லீங்க."

அடுத்த வீட்டிலும் இதே. அதற்கடுத்த வீட்டிலும் இதே. போன வருஷம் என்ன விலைக்குப் போட்டீர்கள் என்றால் எல்லோரும் ஒரே விலை. நான் கேள்வியை முன்னே பின்னே மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். பதில் இம்மியும் நகரவில்லை. நாலாவது வீட்டில் முந்தைய தாள்களைப் புரட்டி ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். நஸீமாவுக்கு மட்டும் பெருமை. "அத்தா கேட்டா சந்தோஷப்படுவாருண்ணே. ஒருத்தர்கூட கொறை சொல்லலியே" என்றது.

திரும்பி வந்து கொடுத்ததும் பேராசிரியர் தன் அறையில் அந்தத் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்தார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். பிறகு நஸீமாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்த மரத்தடியில உக்காந்து எழுதினீங்க?"

"வீடு வீடா போனோங்க சார்."

"இத்தனை வீட்டுல ஒரு வீட்டுக்காவது வேற அபிப்பிராயம் இருக்காதா? புருஷன் பொண்டாட்டிக்கே ரெண்டு அபிப்பிராயம் இருக்குமே."

"நானும் கூட இருந்தேன் சார்" என்றது நஸீமா.

"நீ இருந்தம்மா. படிக்கிறவங்களுக்கு அது தெரியுமா?"

அதே வாரம் இன்னொரு மாணவருக்காக வேறொருவர் கொண்டுவந்த தாள்கள் பக்கத்து மேசையில் இருந்தன. ஒன்று போல ஒன்று இல்லை, அவ்வளவு அழகு. அவை எந்த டீக்கடையில் எழுதப்பட்டவை என்பது எனக்குத் தெரியும். பேராசிரியர் அவற்றைத்தான் நல்ல களப்பணி என்று எடுத்துக் காட்டினார். உண்மையாகக் கேட்டது பொய்யாகத் தெரிகிறது, பொய்யாக எழுதியது உண்மையாகத் தெரிகிறது. அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம்தான் எனக்கு.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. கடைசியில் இப்படிச் சொன்னார்: "மறுபடி போங்க. ஏன் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்கன்னு காரணத்தோட வாங்க. காரணம் இருந்தா அத ஏட்டுல எழுதி, தாள வெச்சுக்கலாம். இல்லன்னா இந்த ஊர எடுத்துடணும். எடுத்தா எண்ணிக்கை பத்தாது. பத்தலன்னா இந்த வருஷம் கையெழுத்து இல்ல."

நான் மட்டும் போனேன். அன்றைக்கு பஸ் இல்லை. சைக்கிளில் மலையடிவாரம் வரை போய், அங்கிருந்து நடப்பதாக ஏற்பாடு. பாதி வழியில் பெரிய புளியமரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. அதன் மேல் எங்கள் சாதி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் சித்தப்பா மகன் ஏழுமலையும் இருந்தான்.

"இன்னாண்ணே, ஜனமே ரோட்டுல குந்திக்கினு கீது, நீ காத்து வாங்கப் போறியா?"

"மலைக்குடா. வேலை."

"யாரு வேலை? பாய் பொண்ணு வேலைதான? அது வாத்தியாரம்மா ஆவறதுக்கு நீ பெடலு மிதிக்கிற. நம்ம புள்ளைங்க வாத்தியார் ஆவறதுக்கு நாங்க வெயில்ல கெடக்கறோம்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சொன்னது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. நான் எட்டாவதோடு நின்றதற்கும் அவன் அங்கே உட்கார்ந்திருந்ததற்கும் சம்பந்தம் உண்டு என்பது எனக்கே தெரியும். ஆனால் நஸீமாவும் அதன் வீட்டில் எந்தப் பெண்ணும் ஏறாத படியைத்தான் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி நியாயமாக இருக்க முடியும் என்று நின்றபடியே யோசித்தேன்.

"இன்னா மொறைச்சிக்கினு நிக்கிற? புடிங்கடா சைக்கிள" என்றான் ஏழுமலை. இரண்டு பேர் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். "போ. வரும்போது பலாச்சொள எதனா கொண்டா" என்றான்.

மலையில் சடையன் என்பவர் வீட்டு வாசலில் புளியம்பழத்தைத் தடியால் தட்டி ஓடு நீக்கிக்கொண்டிருந்தார். முதல் தடவை போனபோது எங்களுக்குச் சோறு போட்டது அவர் வீட்டில்தான்.

"திரும்ப இன்னாத்துக்கு வந்த? அன்னிக்கே எல்லாம் சொன்னமே."

"எல்லாரும் ஒரே மாதிரி சொன்னீங்களே, அதான் வம்பா போச்சி. நான் குந்தின எடத்துல எழுதிக்கினு வந்துட்டேன்னு சொல்றாங்க. இனிமே எனக்கு எவனும் வேலை குடுக்க மாட்டான்."

சடையன் சிரித்தார். "நாங்க ஒண்ணா சொன்னா ஒனக்குத் திருட்டுப் பட்டமா?"

"நெசமாவே ஒரு வூட்டுலயும் ஒரு கொறையும் இல்லியா?"

தட்டுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ, தெரியவில்லை.

"அந்தப் பொண்ண எங்களுக்கு அடையாளம் தெரியாதா? சின்னப் புள்ளையில கடையில புளி மூட்டை மேல ஏறி வெளையாடிக்கினு இருக்கும். அது பேப்பர எடுத்துக்கினு வந்து வெல இன்னா, கொறை இன்னா, வேற கடைக்குப் போவியான்னு கேட்டா நாங்க இன்னா சொல்லுவோம்?"

"அது படிப்புக்குக் கேக்குதுங்க."

"படிப்புக்குதான் கேக்கும். சாயங்காலம் அது வூட்டுக்குதான போவும்?"

அவரே மேலே சொன்னார். புளி பறிக்கும் முன்னால் ஊர் கூடும். இந்த வருஷம் இதற்குக் கீழே போவதில்லை என்று ஒரு விலையை முடிவு செய்வார்கள். கடைக்குப் போகும்போது ஒருவர் அதிகமாகக் கேட்டு ஆரம்பிப்பார், ஒருவர் கொஞ்சமாகக் கேட்டு ஆரம்பிப்பார், ஒருவர் கோபித்துக்கொண்டு மூட்டையைத் திரும்பத் தூக்குவார். எப்படி ஆரம்பித்தாலும் முடிவு செய்த விலைக்குக் கீழே யாரும் இறங்குவதில்லை. வீட்டில் நெருக்கடி என்றால் ஊர் கை கொடுக்கும், அவரைத் தனியாக இறங்கிப்போக விடாது. சமவெளி ஆள் யார் வந்து என்ன கேட்டாலும் என்ன சொல்வது என்பதும் அதே கூட்டத்தில் முடிவாகிவிடும். குறை ஒன்றும் இல்லை என்பதுதான் அது.

"பாய் நல்ல மனுஷந்தான்" என்றார் சடையன். "ஆனா யாவாரி. நாங்க கூடிப் பேசறோம்னு தெரிஞ்சா இன்னா பண்ணுவாரு? ஒருத்தன மட்டும் கூப்ட்டு கொஞ்சம் ஜாஸ்தி குடுப்பாரு. அவன் பிரிஞ்சிடுவான். அடுத்த வருஷம் அவனுக்கும் கம்மி, எங்களுக்கும் கம்மி."

பிறகு தடியை எடுத்துக்கொண்டார். சத்தியம் எதுவும் வாங்கவில்லை. "ஒன் பொழப்பு போவக்கூடாதுன்னு ஒங்கிட்ட சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். சத்தியம் வாங்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இதை இப்போது மட்டும் எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். அந்தக் கடை இப்போது இல்லை. அந்த ஊரில் இப்போது மரவள்ளிதான் அதிகம், புளியை யாரும் அந்த மாதிரி கொண்டுவந்து போடுவதில்லை. அப்படியும் ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இறங்கி வரும்போது முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது, பெண்ணுக்கு வேலை கிடைத்துவிடும், என் பெயரும் தப்பியது. அடிவாரத்துக்கு வருவதற்குள் சந்தோஷம் காலியாகிவிட்டது. இந்தக் காரணத்தை எழுதினால்தான் நஸீமாவுக்குக் கையெழுத்து. எழுதினால் சடையன் சொன்னது கடை வரைக்கும் வந்து சேரும். ஆய்வேட்டை யார் படிக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமாதானமும் கடையில் போய் நின்றதும் போய்விட்டது. நஸீமாவைப் பார்க்கப் போனேன். பாய் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"மலை ஜனங்க இன்னா சொல்றாங்க? நம்ம கடைய பத்தி நல்லா சொல்லியிருப்பாங்களே."

"நல்லாதான் சொன்னாங்க பாய்."

"சொல்லாம இருப்பாங்களா. ஆனா ஒண்ணு, அவங்களுக்கு யாவாரம் தெரியாது. வூட்டுக்கு வூடு வேற வெல சொல்லுவாங்க. நான் ஒருத்தன்கிட்ட பேசினத இன்னொருத்தன்கிட்ட சொல்ல மாட்டேன். தனித்தனியா பேசிப் பேசித்தான் கொறைப்பேன். அதான் தொழிலு." சொல்லிவிட்டு கல்லா மேசையைத் தட்டிக் காட்டினார். "நஸீமா புக்கு பைண்டாவி வந்ததும் இங்கதான் வெக்கப்போறேன். பெரியவன் இங்கிலீஷ் படிச்சவன், ஒவ்வொரு பக்கமா தமிழ்ல சொல்லச் சொல்லிக் கேப்பேன். எம் பொண்ணு எழுதினத நான் கேக்காம யாரு கேப்பாங்க?"

டீயைக் கீழே வைத்துவிட்டேன். நான் இதுவரை பார்த்த அப்பாக்களில் அவர் ஒருவர்தான் மகளின் ஆய்வேட்டை முழுக்கக் கேட்கப்போகிறவர்.

நஸீமா கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலிருந்து வாசலுக்கு வந்தது. சத்தம் வராமல் பேசினேன்.

"காரணம் கெடச்சிதும்மா."

"என்னாண்ணே?"

"சொல்லலாம். ஆனா அது ஏட்டுல வந்தா கடைக்கும் வரும். வந்தா அந்த ஊருக்குக் கஷ்டம்."

அது கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. உள்ளே அதன் அத்தா யாரிடமோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது.

"அப்ப எங்கிட்ட சொல்லாதீங்கண்ணே. அத்தா கேட்டா எனக்கு மறைக்க வராது."

"சார் கேட்டா?"

"தெரியலண்ணே" என்றது.

பஸ் ஓடாததால், பேராசிரியரைப் பார்க்கச் சின்னசேலத்தில் ரயில் ஏறினோம். ரயிலில் நான் மனதுக்குள் பேசிக்கொண்டே வந்தேன். சொல்லலாம் என்று ஒரு ஸ்டேஷன், சொல்லக்கூடாது என்று ஒரு ஸ்டேஷன். சொல்ல வேண்டியவன் நானா அதுவா என்பதுகூடத் தெளிவாகவில்லை.

பேராசிரியர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். எங்களுக்கு முன்னாலேயே அவர் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார்.

"இது போராட்ட நேரம். கேள்வித்தாள்ல சாதி கேட்டு ஒரு வரி இருக்கு. யார் எதுக்குக் கேக்கறாங்கன்னு ஜனங்களுக்குப் பயம். பயத்துல எல்லாரும் ஒரே மாதிரி சொல்லியிருக்காங்க. இப்படி ஒரு பத்தி எழுதிடும்மா. தேர்வாளர் கண்டிப்பா ஏத்துப்பார்." என்னைப் பார்த்தார். "இல்லீங்களா?"

அந்த நிமிஷம் எனக்குப் போன உயிர் வந்தது போலிருந்தது. யாருக்கும் கஷ்டமில்லை. நஸீமாவுக்கு வேலை. மலை ஊருக்குப் பாதுகாப்பு. என் பெயருக்கும் பங்கமில்லை. ஏழுமலை முகம் ஒரு கணம் வந்து போனது, அவன் தலையில் ஒரு பொய்யை ஏற்றுகிறோமே என்று. ஆனாலும் என் தலை ஆட ஆரம்பித்துவிட்டது. நஸீமா பேசவில்லையென்றால் முழுசாக ஆட்டியிருப்பேன்.

"இல்லீங்க சார்" என்றது நஸீமா. "அங்க யாரும் பயப்படல. எனக்குச் சோறு போட்டாங்க. பயந்துட்டாங்கன்னு நான் என் பேருல எழுத முடியாது சார்."

"அப்ப காரணம் என்ன?"

"எனக்குத் தெரியாது சார். அண்ணனுக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு அது ஜன்னலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது. சொல் என்கிறதா, சொல்லாதே என்கிறதா என்று அதன் முகத்தில் தேடலாம் என்றால் முகமே தெரியவில்லை.

பேராசிரியர் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். அந்த அறையில் அதுவரை என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"சொல்லுங்க. ஊர்ப் பேரப் போட வேண்டாம். 'ஒரு மலைக்கிராமம்'னு எழுதிக்கலாம்."

அது நல்ல யோசனை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. பாய் கடைக்குப் புளி வருவது மலையில் சில ஊர்களிலிருந்துதான். பெயர் இல்லையென்றால் எல்லா ஊர் மேலும் சந்தேகம் விழும். ஒரு ஊருக்கு வருகிற கஷ்டம் எல்லா ஊருக்கும் வரும். ஆனால் சொல்லவில்லையென்றால் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குக் கஷ்டம் வருவது நிச்சயம். ஒரு பக்கம் வரக்கூடிய கஷ்டம், ஒரு பக்கம் வந்தே தீருகிற கஷ்டம். உங்கள் புத்தகத்தில் இதை எடை போட வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. மேசையிலிருந்த தாள்களையும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்த ஆராய்ச்சி.

"சொல்றதுக்கில்லீங்க சார்" என்றேன்.

"தெரியாதா, சொல்ல மாட்டீங்களா?"

"சொல்ல மாட்டேங்க சார்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. தாள்களை ஒன்றாக அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சரிசெய்தார்.

"நீங்க உக்காந்து எழுதலன்னு இப்பத்தான் நம்பறேன்" என்றார். "நான் நம்பி என்ன செய்ய? காரணம் எழுதாத தாள வெச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. இந்த ஊர் வேணாம்மா. வேற ஊர் பாரு. அடுத்த வருஷம்."

நஸீமா "சரிங்க சார்" என்றது. தாள்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டது. மறக்காமல் அவருக்கு நன்றி சொன்னது.

ஸ்டேஷனில் ரயில் வரத் தாமதமாகிக்கொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்பதா, கேட்டால் எதற்கென்று கேட்பது என்று தெரியாமல் நின்றிருந்தேன். அதுதான் முதலில் பேசியது.

"சொல்லியிருந்தீங்கன்னா நான் தடுத்திருக்க மாட்டேண்ணே."

"அப்ப அவரு சொன்ன பொய்ய மட்டும் ஏம்மா தடுத்த? அதுல யாருக்கும் நஷ்டமில்லியே."

"அது நான் எழுத வேண்டியது. பொய்யின்னு எனக்குத் தெரியும். இது உங்கள நம்பி உங்ககிட்ட சொன்னது. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்னு வுட்டுட்டேன்." தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது. "எனக்கே தெரிஞ்சிக்கணும்னு எவ்ளோ ஆசையா இருந்துச்சி தெரியுமா? நீங்க வாயத் தொறந்தா நானும் கேட்டுக்கலாம்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கினேன். எதிர்ல உக்காந்து கேட்டாத்தான தப்பு?"

சிரித்தது. அந்தச் சிரிப்பில் அழுகை இருந்ததா என்று உற்றுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜூன் மாதம் கல்லூரி திறந்தபோது அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். நஸீமா அந்த வருஷம் முழுக்க வீட்டில்தான் இருந்தது. பாய் என்னைக் கடைவீதியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஒழுங்காக வேலை செய்யாததால்தான் பெண்ணுக்கு வேலை போயிற்று என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது பொய் என்றும் எனக்குச் சொல்ல வரவில்லை. மலையிலிருந்து இறங்குகிற புளி மூட்டைகளைப் பார்க்கும்போது ஒரு நாள் நான் செய்தது சரி என்று படும். மறுநாள் நஸீமா கடைக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருப்பதைப் பார்த்தால் தப்பு என்று படும். எனக்குச் சொன்னவருக்காக எனக்குச் சம்பளம் கொடுத்தவரைக் கைவிட்டேனா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

தம்பிகளே, தங்கைகளே, யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும் என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது சரிதான். நான் அந்த ஊரில் படித்ததும் அதைத்தான். ஆனால் காரணம் தெரிந்த பிறகு, தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்கு இன்னும் இரண்டு பக்கமும் இழுக்கிறது.

மறுவருஷம் மறியல் கொஞ்சம் அடங்கியிருந்த நேரத்தில் நஸீமா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டது. போவதா வேண்டாமா என்று வாசல் வரைக்கும் யோசித்துக்கொண்டேதான் போனேன். கேள்வித்தாளைப் புதிதாக எழுதியிருந்தது. விலை கேட்கிற கேள்விகள் எதுவும் இல்லை. கட்டாகக் கட்டி என் கையில் கொடுத்தது.

"இந்தத் தடவ நான் வரல. நீங்க மட்டும் போங்கண்ணே" என்றது. "மலையில எந்தப் பக்கம் வேணாலும் போங்க. எந்த ஊருன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க."